சாவியைத் திருகினால் 'டிக்' சத்தம் மட்டும்: பழைய கார்களின் மின்கோளாறு வரலாறு

இன்று சாவியைத் திருகியதும் கார் கிளம்பவில்லை என்றால் எரிச்சல் வருகிறது. நூறாண்டுக்கு முன்பு காரைக் கிளப்புவதே உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்தது. முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகி இயந்திரத்தைச் சுற்ற வேண்டும். தீப்பொறி முந்திக்கொண்டால் கைப்பிடி எதிர்ப்பக்கம் திரும்பி அடிக்கும். கை முறிந்தவர்கள் பலர். 1908ஆம் ஆண்டு அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் பைரன் கார்ட்டர் இறந்ததற்கும் இதுவே காரணம் என்று சொல்லப்படுகிறது. நடுவழியில் நின்றுபோன ஒரு பெண்மணிக்கு உதவ இறங்கியவரின் தாடையைக் கைப்பிடி பதம் பார்த்துவிட்டதாம். 'கேடிலாக்' நிறுவனத்தின் ஹென்றி லேலண்டுக்கு அவர் நண்பர். கைப்பிடியை ஒழித்தே தீர வேண்டும் என்று லேலண்ட் முடிவு செய்தார்.

அந்தப் பணியை முடித்துக் கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். காரைச் சுற்றும் அளவு வலுவுள்ள மோட்டார் வேண்டுமென்றால் அது இயந்திரத்தின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்று மற்றப் பொறியாளர்கள் கைவிரித்திருந்தார்கள். கெட்டரிங் அதற்கு முன் கடைகளில் காசு வாங்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். நாள் முழுவதும் ஓடும் மோட்டார் வேறு, சில விநாடிகள் மட்டும் ஓடும் மோட்டார் வேறு என்பது அவருக்குத் தெரியும். சிறிய மோட்டாருக்குத் தாங்கும் சக்திக்கு மேல் மின்சாரத்தைக் கொடுத்து, சூடேறிக் கருகுவதற்குள் நிறுத்திவிட்டால் போதும்! 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார் கைப்பிடி தேவைப்படாமல் வெளிவந்தது.

இந்தக் கெட்டிக்கார யோசனைதான் பழைய கார் வைத்திருப்பவரின் தலைவலிக்கும் மூலம். கொஞ்ச நேரத்துக்கு மிக அதிக மின்னோட்டம் என்பதே அதன் அடிப்படை. தலைவிளக்கு ஒன்று சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 150 ஆம்பியர் கேட்கும். ஜெர்மானிய ஆசிரியர் கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட விதியை இங்கே போட்டுப் பார்க்கலாம். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கம்பியின் முனையில் துரு ஏறி, வெறும் 0.02 ஓம் தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் போகும் இடத்தில் அது 0.1 வோல்ட்டைத்தான் விழுங்கும், யாருக்கும் தெரியாது. 150 ஆம்பியர் போகும்போது 3 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் காரில் அது கால் பங்கு.

விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஹார்ன் அலறுகிறது, ஆனால் சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் என்ற புதிருக்கு விடை இதுதான். "ஹார்ன் அடிக்கிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியானால் ஸ்டார்ட்டர்தான் போய்விட்டது" என்று கழற்றி எறிகிறார்கள். புது ஸ்டார்ட்டர் மாட்டும்போது கம்பி முனைகளும் சுரண்டிச் சுத்தமாகின்றன. கார் கிளம்புகிறது. பழி பழைய ஸ்டார்ட்டர் மீது! சில நூறு வெள்ளி போனது கம்பி முனையின் அழுக்குக்காக.

பழைய பட்டறைக்காரர்கள் இதற்கு எளிய சோதனை வைத்திருந்தார்கள். தலைவிளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருக வேண்டும். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரியையும் அதன் இரு முனைகளையும் முதலில் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறையாமல் நின்றால் மின்சாரம் ஸ்டார்ட்டர் வரை போகவில்லை என்று பொருள். இயந்திரத்தையும் கார் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருந்தால் இன்னும் வேடிக்கை. திரும்பி வர வழி தேடும் மின்சாரம் சோக் கம்பி வழியாகப் பாயும். அந்த மெல்லிய கம்பி புகைவதைப் பார்த்து, 'எங்கோ ஷார்ட்' என்று வேறெங்கோ தேடியவர்கள் உண்டு.

மலாயாச் சாலைகளில் ஓடிய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் லூகாஸ் நிறுவனத்தின் மின்சாதனங்கள் இருந்தன. 'இருளின் இளவரசர்' என்று ஜோசப் லூகாஸைக் கேலி செய்வது பழைய கார் பிரியர்களின் வழக்கம். பாவம், அவர் 1902இலேயே காலமானவர். விளக்கு விற்றுப் பெயரெடுத்தவர். குறை பெரும்பாலும் கம்பிகளைச் சேர்க்கும் இணைப்புகளில் ஈரமும் துருவும் ஏறியதால் வந்தது. டைனமோவுக்கும் இதில் பங்குண்டு. கார் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. மாலை மழையில் விளக்கும் துடைப்பானும் ஓட, நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்பினால் பேட்டரி கரைந்திருக்கும். மறுநாள் காலை கார் எழும்பாது. குற்றம் முந்தின இரவில் நடந்தது! சிலிக்கான் டையோடுகள் மலிவாகக் கிடைத்த பிறகு, 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் தனது வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதன்பின் இந்தத் தொல்லை படிப்படியாகக் குறைந்தது.

வெயில் நாடுகளுக்கு வேறொரு வம்பு. வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் இயந்திரம், ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாம் பின்னால். சாவி முன்னால். ஸ்டார்ட்டரின் சோலினாய்டை இயக்கும் மின்சாரம் பின்னாலிருந்து முன்னே போய், சாவியைக் கடந்து, மறுபடி பின்னே வர வேண்டும். தாமிரம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு கூடுதல் தடை காட்டும். ஓடிக் களைத்த காரில் சோலினாய்டுச் சுருள் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் கால் பங்கு தடை கூடிவிடும். குளிர்ந்த காலையில் ஒரே திருகில் கிளம்பிய கார், பெட்ரோல் நிலையத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தியதும் மௌனம் சாதிக்கும். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பேட்டரிக்கும் சோலினாய்டுக்கும் நடுவே ஒரு ரிலே வைத்து வழியைச் சுருக்கியவர்கள் பிழைத்தார்கள்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஹோண்டா கார்கள் இதே பாடத்தை வேறு இடத்தில் நடத்தின. இங்கே ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றும். ஆனால் இயந்திரம் பற்றாது. காரணம், டேஷ்போர்டின் அடியில் இருந்த பிரதான ரிலே. அதன் ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். நண்பகல் வெயிலில் நின்ற காரில் அந்த விரிசல் விரிந்து, பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் போகாது. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருகும்போது பின்னிருக்கைப் பக்கம் இரண்டு விநாடி கேட்க வேண்டிய பம்பின் முனகல் கேட்காவிட்டால், சந்தேகம் அங்கேதான். பட்டறைக்கு இழுத்துப் போவதற்குள் கார் குளிர்ந்துவிடும், கோளாறும் மறைந்துவிடும். கோளாறு இருக்கும்போதே அளக்காவிட்டால் ஒன்றும் அகப்படாது. பம்பை மாற்றியவர்கள் உண்டு. ஈயப்பற்றை மறுபடி உருக்கி ஒட்டியவர்கள் சில காசில் காரியத்தை முடித்தார்கள்.

அளப்பதிலும் ஒரு சூது இருக்கிறது. 1923இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடி உருவாக்கிய ஏவோமீட்டர், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் காட்டியது. இன்றைய டிஜிட்டல் மீட்டர் அதைவிடத் துல்லியமானது. ஆனால் அது மின்சாரத்தை அநேகமாக இழுப்பதே இல்லை. ஆகவே இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொங்கும் வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். மெக்கானிக்கும் 'வயர் நன்று' என்று எழுதிவிடுவார். அதே வயரில் ஒரு தலைவிளக்கு பல்பை மாட்டினால் அது மங்கலாக அழும். மலேசியப் பட்டறைகளில் 'போமென்' என்று அழைக்கப்படும் மூத்த மெக்கானிக்குகள் சிலர், விலை உயர்ந்த மீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு வயர் கோத்த பழைய பல்பு ஒன்றையும் ஆணியில் தொங்கவிட்டிருப்பது இதனால்தான்.