பாசறையில் பிறக்கும் கொடுங்கோன்மை

சவ்வாது மலையடிவாரத்துத் திருப்பத்தூர் வட்டாரத்தில், 1970களின் இறுதியில் நக்சலைட் இளைஞர்கள் கந்துவட்டிக்கும் சாதிக் கொடுமைக்கும் எதிராக ஏழைகளைத் திரட்டினர். 1980-இல் தொடங்கிய காவல்துறை நடவடிக்கையில் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர், காவலர்களும் மாண்டனர். அவ்வெழுச்சி ஆட்சிப்பீடம் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஏழைக்கு என்ன நேர்ந்திருக்கும்? வரலாறு இதற்கு விடை கூறாது. இவ்வகை வினாவை எழுப்பும் துணிவு புனைகதைக்கு உண்டு.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் படைகளை எதிர்த்துப் போரிட்டவர் ஜார்ஜ் ஆர்வெல். 1937-இல் அங்கே தோழர்களே தோழர்களை வேட்டையாடக் கண்டார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த அங்கதமே 1945-இல் வெளியான ‘விலங்குப் பண்ணை’. பண்ணையாரை விரட்டிய விலங்குகளிடையே முதற்களவு மிகச் சிறியது. பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கு மட்டும் என்றாகிறது. மற்றவற்றுள் சில முணுமுணுத்து அடங்கிவிடுகின்றன. பின்னர் சுவரிலிருந்த கட்டளைகளே மாற்றி எழுதப்படுகின்றன.

ஆர்வெல் வெற்றிக்குப் பின் நிகழ்வதைக் காட்டினார். நம் தமிழிலோ வெற்றிக்கு முன்பே நிகழ்ந்தது எழுதப்பட்டுள்ளது. தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்திலிருந்து வெளியேறிய கோவிந்தன், 1985-இல் ‘புதியதோர் உலகம்’ நாவலைத் தந்தார். தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டுப் பகுதியில் இயங்கிய அவ்வியக்கத்தின் முகாம்களில், கேள்வி கேட்டவர் உளவாளியெனப் பட்டம் சூட்டி வதைக்கப்பட்டதை அது உரைத்தது. அவரை 1991-இல் மற்றோர் இயக்கமான விடுதலைப் புலிகள் கடத்தினர், அவர் திரும்பவில்லை. கோவிந்தனின் எழுத்தில் கண்ணீர் மிகுதி. இளமையில் புலிகள் இயக்கத்தில் இருந்த ஷோபாசக்தியோ, 2001-இல் ‘கொரில்லா’ நாவலில் கசந்த சிரிப்பைக் கருவியாக்கினார். கெரில்லாப் போராளிக்கும் மனிதக் குரங்குக்கும் ஓர் எழுத்தே இடைவெளி என்பதைத் தலைப்பிலேயே வைத்தார்.

இம்மூவரும் பழைய ஒடுக்குமுறைக்கு வக்காலத்து வாங்கியவர் அல்லர். பண்ணையார் மீண்டு வரவேண்டும் என்று ஆர்வெல் எழுதவில்லை. உள்ளே நின்று கண்டவர்கள் என்பதாலேயே இவர்கள் சொல் வலிக்கிறது. துரோகி என்ற பழியும் எளிதில் வருகிறது.

கோலியாத்தை வீழ்த்திய ஆயனே அரசனாகிப் பிறர் மனைவியைக் கவர்ந்தபோது, நாத்தான் இறைவாக்கினர் ஆட்டுக்குட்டிக் கதை ஒன்றையே சொன்னார். தாவீது அக்கதையில் தம்மைக் கண்டு தலைகுனிந்தார். நம் இயக்கங்களும் சங்கங்களும் பங்குப் பேரவைகளும் கேள்வி கேட்பவரை எவ்வாறு நடத்துகின்றன என்பதை இன்றே எண்ணிப் பார்ப்போம். பாலும் ஆப்பிளும் மறையும் நாளில் வாய் திறப்பது எளிது. சுவரெழுத்து மாறிய பின் அது உயிரையே விலையாகக் கேட்கும்.