ஹார்வர்டில் இடம் கிடைக்குமா? ஒரு கணிப்பின் வரலாறு

அமெரிக்காவின் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தமக்கு இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கணித்துக்கொள்வது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிய காரியம். இன்று அது ஏறக்குறைய இயலாத காரியம். விண்ணப்பங்கள் பெருகிப்போனது இதற்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பெருக்கத்துக்கு வெகுகாலம் முன்பே, 1920களில், வெளியிலிருந்து யாரும் கணக்கிட முடியாதபடி சேர்க்கை முறை மாற்றி அமைக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த சீர்திருத்தங்கள் பலவற்றை மாற்றின. இந்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை.

1636இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டில் சேர, தொடக்க காலத்தில் லத்தீன் நூலை எடுத்த எடுப்பில் படித்துப் பொருள் சொல்லவும், லத்தீனில் உரைநடையும் செய்யுளும் எழுதவும், கிரேக்க இலக்கணம் ஒப்பிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது எழுத்துத் தேர்வாக வளர்ந்தது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே தேர்வு நடத்தியது. பாடப்பகுதிகளும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டன. ஒரே பள்ளியில் யேலுக்குப் போகிறவருக்கு ஒரு பாடமும் ஹார்வர்டுக்குப் போகிறவருக்கு வேறொரு பாடமும் நடத்தவேண்டிய நிலை இருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் மர்ரி பட்லர் போன்றோரின் முயற்சியால் 1900இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. 1901 ஜூன் மாதம் அது நடத்திய முதல் தேர்வை 973 பேர் எழுதினர்.

அந்தக் காலத்துச் சேர்க்கையில் கவனிக்கவேண்டியது, இடங்களுக்கு உச்சவரம்பு இல்லை என்பது. தேர்வில் தேறினால் இடம் உண்டு. சில பாடங்களில் தவறியவர்களையும், பிறகு எழுதித் தேறவேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே பிறரோடு போட்டி என்ற பேச்சே எழவில்லை. தம் லத்தீனும் கணிதமும் எந்த அளவில் இருக்கின்றன என்பதை அறிந்த மாணவர், தமக்கு இடம் கிடைக்குமா என்பதையும் அறிந்திருந்தார். இதில் அநீதி இல்லாமல் இல்லை. லத்தீன் கற்பிக்காத அரசுப் பள்ளியில் படித்தவருக்குக் கதவு முன்பே சாத்தியிருந்தது. கறுப்பின மாணவர்களைப் பிரின்ஸ்டன் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பெண்களுக்கு மூன்று கல்லூரிகளிலும் இடமில்லை. என்றாலும் தேர்வு எழுதத் தகுதி பெற்றவருக்கு விதி வெளிப்படையாக இருந்தது.

அந்த வெளிப்படைத்தன்மையே கல்லூரி நிர்வாகங்களுக்குச் சங்கடமாயிற்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் அரசுப் பள்ளிகளில் படித்துத் தேர்வில் தேறி உள்ளே வரத் தொடங்கினார்கள். ஹார்வர்டில் 1900இல் ஏழு விழுக்காடாக இருந்த யூத மாணவர் பங்கு 1922இல் 21 விழுக்காட்டைத் தாண்டியது. கொலம்பியாவில் அது 40 விழுக்காடு வரை போயிருந்தது. விண்ணப்பப் படிவம், நிழற்படம், நேர்முகம் ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டி, அதைக் கொலம்பியா சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டது.

எலியட்டுக்குப் பின் ஹார்வர்டின் தலைவரான லாரன்ஸ் லோவல் இதைச் சுற்றி வளைக்காமல் செய்ய முனைந்தார். யூத மாணவர்களுக்கு 15 விழுக்காடு என்று வரம்பு கட்டவேண்டும் என்றார். செய்தி வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. பொறுப்பு ஒரு பேராசிரியர் குழுவிடம் போயிற்று. 1923இல் அறிக்கை தந்த குழு, ஒதுக்கீட்டு வரம்பை நிராகரித்தது. கூடவே, நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து மாணவர்களை ஈர்க்கும் எண்ணத்தில், பள்ளி வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வருகிறவர்கள் நுழைவுத் தேர்வு எழுதாமலேயே சேரலாம் என்ற விதியையும் பரிந்துரைத்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக, 1925இல் யூத மாணவர் பங்கு 27 விழுக்காட்டைத் தாண்டியது. விதி எதுவாயினும், அது வெளிப்படையாக இருக்கும்வரை, அதை நிறைவேற்றி உள்ளே வருகிறவர்களைத் தடுக்க முடியாது என்பது நிர்வாகத்துக்குப் புரிந்தது.

1926இல் முடிவு எட்டப்பட்டது. முதலாண்டு மாணவர் எண்ணிக்கைக்கு ஆயிரம் என்ற வரம்பு வந்தது. தேர்வு மதிப்பெண்ணோடு குணநலனும் பொருத்தமும் பார்க்கப்படும் என்றானது. விண்ணப்பத்தோடு நிழற்படம் கேட்டார்கள். 1922 முதலே படிவத்தில் இனம், சமயம், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், தந்தை பிறந்த ஊர் ஆகியவை கேட்கப்பட்டு வந்தன. பிறந்தபின் தம் பெயரிலோ தந்தை பெயரிலோ மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அதையும் விளக்கவேண்டும். யூத மாணவர் எண்ணிக்கை அடுத்த ஆண்டுகளிலேயே சரிந்தது. யூதர்களுக்கென்று எழுதப்பட்ட வரம்பு எங்கும் இல்லை. நிராகரிக்கப்பட்டவர் தாம் எதில் குறைந்தோம் என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு எண்ணும் இல்லை. தலைமைப்பண்பு, பொதுச் செயல்பாடுகள், பரிந்துரைக் கடிதம், சொந்த ஊர், நேர்முகம் என்று இன்று முழுமையான மதிப்பீடு என்ற பெயரில் உலகமே அறிந்திருக்கும் முறையின் அடித்தளம் இந்த ஆண்டுகளில் இடப்பட்டது. சமூகவியலாளர் ஜெரோம் கேரபல் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த வரலாற்றை ஆவணங்களோடு நிறுவியது.

கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்தே கல்லூரியை முடிவுசெய்து பழகிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அமெரிக்கச் சேர்க்கை புரியாத புதிராகத் தோன்றுவது இதனால்தான். சென்ற ஆண்டு எந்த மதிப்பெண்ணோடு சேர்க்கை நின்றது என்ற கேள்விக்கு ஹார்வர்டில் விடை கிடையாது.

விதி மறைந்தாலும், உரிய குடும்பத்தில் பிறந்தவருக்குக் கணிப்பு அடுத்த கால் நூற்றாண்டுக்கு எளிதாகவே இருந்தது. 1932இல் யேலுக்கு விண்ணப்பித்தவர் 1,330 பேர்; இடம் பெற்றவர் 959 பேர். சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் யேலில் படித்தவரின் மகன். 1940இல் ஹார்வர்டு தனக்கு விண்ணப்பித்தவர்களில் 85 விழுக்காட்டினரைச் சேர்த்துக்கொண்டது. 1935இல் ஜான் எஃப். கென்னடி ஹார்வர்டு விண்ணப்பத்தில் சேர விரும்பும் காரணத்தைச் சில வாக்கியங்களில் எழுதி முடித்துவிட்டார். அவருடைய தந்தை அங்கே படித்தவர். அதற்கு மேல் எழுதவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

1933இல் ஹார்வர்டின் தலைவரான வேதியியல் அறிஞர் ஜேம்ஸ் கோனன்ட், நாட்டின் உட்பகுதிகளிலிருந்து ஏழை மாணவர்களையும் கொண்டுவர விரும்பினார். அதற்கான உதவித்தொகைக்கு ஆளெடுக்க, உதவி முதல்வர்களான ஹென்றி சான்சியும் வில்பர் பெண்டரும் எஸ்.ஏ.டி. என்ற திறனறித் தேர்வைத் தேர்ந்துகொண்டார்கள். பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகம் வடிவமைத்த அந்தத் தேர்வு 1926 ஜூன் 23 அன்று முதன்முதலாக நடந்தது. எழுதியவர் சுமார் எட்டாயிரம் பேர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய விரிவான விடைத்தேர்வுகள் கைவிடப்பட்டு, எஸ்.ஏ.டி. அவற்றின் இடத்தைப் பிடித்தது. ஆனால் நெடுங்காலம் அந்த மதிப்பெண்ணைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் மட்டுமே அனுப்பினார்கள். தேர்வு எழுதியவர் தம் மதிப்பெண்ணைப் பார்க்க அனுமதிக்கப்பட்டது 1958இல்தான். அதுவரை, மாணவர் தம் வாய்ப்பை எடைபோட உதவும் தலையாய எண் மாணவரிடமே மறைக்கப்பட்டிருந்தது.

1950களில் சில பள்ளிகளின் மாணவர்களுக்கு மட்டும் வேறொரு வசதி இருந்தது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் சேர்க்கை அதிகாரிகள் புகழ்பெற்ற தனியார் உண்டுறைப் பள்ளிகளுக்கு நேரில் போய் விண்ணப்பதாரர்களைச் சந்திப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இடுவார்கள். ஏ என்றால் இடம் ஏறக்குறைய உறுதி. பி என்றால் கிடைக்கலாம். சி என்றால் வேறு கல்லூரி பார்த்துக்கொள்வது நல்லது. முடிவு வெளிவரப் பல மாதங்கள் முன்பே அந்தப் பள்ளி மாணவருக்குத் தம் நிலை தெரிந்துவிடும். ஏதோ ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளியிலிருந்து விண்ணப்பித்தவர் வசந்தகாலம் வரை காத்திருந்தார். வாய்ப்பை முன்கூட்டி அறிவது ஒரு சலுகையாகவே வழங்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் இல்லை. 1965இல் யேலின் சேர்க்கைத் தலைவரான இளைஞர் இன்ஸ்லி கிளார்க் அங்கே இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டினார். பல்கலைக்கழகத் தலைவர் கிங்மன் ப்ரூஸ்டரின் ஆதரவோடு அரசுப் பள்ளி மாணவர்களையும் யூத, கறுப்பின மாணவர்களையும் அவர் தேடிப் போய்ச் சேர்த்தார். முன்னாள் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1969இல் யேலும் பிரின்ஸ்டனும் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின.

கதவு அகன்றபோது வரிசையும் நீண்டது. ஹார்வர்டின் சேர்க்கை விகிதம் 1970இல் 20 விழுக்காடாகச் சுருங்கியது. ஏப்ரலில் அஞ்சலில் வரும் உறை தடிமனாக இருந்தால் இடம், மெல்லியதாக இருந்தால் இல்லை என்று உறையைத் தொட்டுப் பார்த்தே முடிவை அறிவது அமெரிக்கக் குடும்பங்களின் பொது அனுபவமாயிற்று. 1978இல், பாக்கி என்பவர் தொடுத்த சேர்க்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் இன ஒதுக்கீட்டை நிராகரித்தபோது, நீதிபதி லூயிஸ் பாவல் ஏற்கத்தக்க முன்மாதிரியாகக் காட்டியது ஹார்வர்டு முறையைத்தான். யூதர்களைக் குறைக்கப் பிறந்த முறை, அரை நூற்றாண்டுக்குப் பின் சிறுபான்மையினரைச் சேர்க்கும் வழியாகச் சட்ட ஏற்பு பெற்றது.

அதன்பின் கணிப்பே ஒரு தொழிலாக வளர்ந்தது. யூ.எஸ். நியூஸ் இதழ் 1983இல் கல்லூரித் தரவரிசையைத் தொடங்கியது. 1975இல் பதினைந்து கல்லூரிகளோடு பிறந்த பொது விண்ணப்பம் 1998இல் இணையத்துக்கு வந்தது. ஒருவரே பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது எளிதானதால் இத்தகைய கல்லூரிகளின் சேர்க்கை விகிதம் மேலும் விழுந்தது. முன்கூட்டி விண்ணப்பிக்கும் முறையின் விளைவை 2003இல் கிறிஸ்டோபர் ஏவரியும் உடன் ஆய்வாளர்களும் அளந்து காட்டினர். முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி.யில் சுமார் நூறு மதிப்பெண் கூடுதலாக வாங்குவதற்கு நிகரான பலன் தந்தது. தகவல் அறிந்த குடும்பங்களே இதைப் பயன்படுத்திக்கொண்டன. 2002 முதல் நேவியன்ஸ் என்ற மென்பொருள், ஒரே பள்ளியின் முந்தைய மாணவர்கள் பெற்ற மதிப்பெண்களையும் முடிவுகளையும் புள்ளிகளாக வரைபடத்தில் காட்டியது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அந்தப் புள்ளிகள் ஓரளவு தெளிவான எல்லையைக் காட்டும். ஹார்வர்டுக்கு, உயர்ந்த மதிப்பெண்ணின் மூலையில் ஏற்கப்பட்டவரும் நிராகரிக்கப்பட்டவரும் கலந்தே கிடப்பார்கள்.

அந்த மூலையில் நடப்பது என்ன என்பது 2018இல்தான் ஓரளவு வெளியே தெரிந்தது. ஆசிய அமெரிக்கர்களிடம் பாகுபாடு காட்டப்படுகிறது என்று ஹார்வர்டு மீது 2014இல் தொடரப்பட்ட வழக்கு அந்த ஆண்டு அக்டோபரில் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தது. படிப்பு, பிற செயல்பாடுகள், விளையாட்டு, ஆளுமை என்ற தலைப்புகளில் ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பீடு இடப்படுவதும், வட்டாரவாரியான துணைக்குழுக்கள் பரிந்துரைத்தபின் சுமார் நாற்பது பேர் கொண்ட முழுக்குழு முடிவெடுப்பதும் நீதிமன்றத்தில் விளக்கப்பட்டன. 2019இல் பட்டம் பெறவிருந்த தொகுப்புக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்திருந்தனர். எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் அவர்களில் மூவாயிரத்துக்கும் மேல்; மொழிப் பகுதியில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் சுமார் 2,700; பள்ளி மதிப்பெண் சராசரி குறையில்லாதவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். மொத்தத்தில் இடம் அளிக்கப்பட்டவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். இந்த எண்களைப் பார்த்தபின், முழு மதிப்பெண் பெற்ற ஒருவர் நிராகரிக்கப்படுவதில் வியக்க ஒன்றுமில்லை.

அதே ஆவணங்கள் வேறொன்றையும் காட்டின. பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. முன்னாள் மாணவர் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கிடைத்தது. இந்தச் சலுகை எதுவும் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர்கூடக் கடினம். ஆளுமை மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்கர்கள் சராசரியாகக் குறைவாகப் பெற்றிருந்தது 1920களின் குணநலனைப் பலருக்கு நினைவூட்டியது. வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டதற்குச் சான்றில்லை என்று 2019இல் நீதிபதி அலிசன் பரோஸ் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று, சேர்க்கையில் இனத்தைக் கருதுவதே அரசமைப்புக்கும் சட்டத்துக்கும் முரண் என்றது. முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கான சலுகையை அத்தீர்ப்பு தொடவில்லை. அதே ஆண்டு ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் கொண்ட இருவரில், பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை இத்தகைய கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையின் வாய்ப்பைப் போல் இருமடங்குக்கும் மேல்.

2020இல் பெருந்தொற்றை ஒட்டி ஹார்வர்டு எஸ்.ஏ.டி.யைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. விண்ணப்பங்கள் 57,000ஐத் தாண்டின. 2021 வசந்தத்தில் சேர்க்கை விகிதம் 3.4 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2024இல் தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. ஆனால் இந்த விகிதம் எந்தத் தனி மாணவரின் வாய்ப்பையும் சொல்வதில்லை. அது 86 விழுக்காடு வாய்ப்புள்ளவரையும் ஒரு விழுக்காடுகூட இல்லாதவரையும் சேர்த்து எடுத்த சராசரி. அந்தச் சராசரியைக்கூட உடனுக்குடன் அறிவிக்கும் வழக்கம் இப்போது மறைந்து வருகிறது. ஸ்டான்ஃபோர்டு 2018இல் அதை நிறுத்தியது. பிரின்ஸ்டனும் 2021இல் நிறுத்தியது. முடிவுகள் வெளியாகும் நாளில் புள்ளிவிவரம் தருவதில்லை என்று ஹார்வர்டும் 2024இல் முடிவுசெய்தது.