குழலின் முறுக்கும் குண்டின் நீளமும்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. பழி எய்தவனையே சாரும் என்பது அதன் கருத்து. ஆயினும் துப்பாக்கியின் வரலாற்றை ஆராய்வார்க்கு அப்பழமொழி முற்றும் பொருந்துவதாகத் தோன்றாது. கைதேர்ந்த வீரன், மாசற்ற குழல், நன்கு வார்த்த குண்டு ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்திருந்தும் குறி தப்பியதுண்டு. குழலும் குண்டும் தனித்தனியே சிறந்தனவாயினும் ஒன்றற்கொன்று பொருந்தாமையே அதற்குக் காரணம். அப்பொருத்தத்தின் இயல்பை மனிதன் தெளிவாக உணர்வதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிடித்தன.

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தே திருகாணியின் புரிபோலச் சுழன்று செல்லும் காடிகளை வெட்டும் வழக்கம், 16-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய நாடுகளின் கம்மியரிடையே இருந்தது. இக்காடிகளைப் பற்றிக்கொண்டு வெளிவரும் குண்டு பம்பரம்போலச் சுழன்றுகொண்டே செல்லும். காடி வெட்டிய குழல் நேராகச் சுடுகிறது என்பதை வேட்டைக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஏன் நேராகச் சுடுகிறது என்பதை அறிந்தாரில்லை. காரணம் அறியாத கைத்தொழில், தந்தை செய்தவாறே மைந்தனும் செய்வதாக நின்றுவிட்டது. ஒரு குழலில் முறுக்கு மிகுதியாகவும் மற்றொன்றில் குறைவாகவும் அமைந்தன. அளவு கூறும் நூல் இல்லை.

கணித மேதையும் சோதனையாளரும்

காரணத்தை முதலில் விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1707-இல் பாத் நகரில் பிறந்த இவர், 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்களை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். தொங்கவிட்ட மரக்கட்டையின்மீது குண்டைச் சுட்டு, கட்டை ஊசலாடும் அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணிக்கும் முறையை அந்நூலில் அவர் விவரித்தார். இவ்வாராய்ச்சிகளுக்காக 1746-இல் இலண்டன் ராயல் சங்கத்தின் காப்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

காடியில்லாத குழலிலிருந்து வெளிவரும் உருண்டைக் குண்டு, குழலின் சுவரில் உராய்ந்து ஏதேனும் ஒரு பக்கமாக உருண்டுகொண்டே வெளிப்படுகிறது. அச்சுழற்சியால் காற்று அதனை ஒரு புறமாகத் தள்ளுகிறது. ஒவ்வொரு முறையும் சுழற்சி வேறுபடுவதால் குண்டு செல்லும் திசையும் வேறுபடுகிறது. இதனை மெய்ப்பிக்க ராபின்ஸ் ஒரு குழலின் நுனியை இடப்புறமாக வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வானிலேயே வலப்புறமாக வளைந்தது. வளைந்த குழலின் வலப்பக்கச் சுவரில் உருண்டு வந்ததன் விளைவு இது. முறுக்குக் காடி செய்வது யாதெனில், குண்டின் சுழற்சி அச்சைச் செல்லும் திசையோடு ஒன்றுபடுத்துவதே. அப்போது காற்றுக்கு ஒருபுறமாகத் தள்ளும் வாய்ப்பு இல்லை. இவ்விளக்கத்தை 1747-இல் அவர் ராயல் சங்கத்தின் முன் வைத்தார்.

ராபின்சின் நூலை 1745-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரை எழுதியவர் மாபெருங் கணித மேதையாகிய ஆய்லர். குண்டு விலகுவதற்குச் சுழற்சி காரணமன்று, குண்டின் வடிவக் குறையே காரணம் என்று அவர் மறுத்தார். ஆய்லரின் பெருமைமுன் ராபின்சின் கருத்து நெடுங்காலம் எடுபடாது போயிற்று. 1852-இல் ஜெர்மானிய அறிஞர் மாக்னஸ் செய்த சோதனைகளே ராபின்சின் பக்கம் உண்மையிருந்ததை உறுதிப்படுத்தின. அவ்விளைவுக்கு இன்று மாக்னசின் பெயரே வழங்குகிறது.

ராபின்சின் இறுதி நாட்கள் தமிழகத்தோடு தொடர்புடையவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமனம் பெற்று 1750-இல் அவர் சென்னைக் கடற்கரைக்கு வந்தார். கோட்டைகளைச் செப்பனிடுவது அவர் பணி. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டையில், 1751-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், காய்ச்சலால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கே.

நீண்ட குண்டு எழுப்பிய வினா

19-ஆம் நூற்றாண்டில் உருண்டைக் குண்டு போய் நீள்வடிவக் குண்டு வந்தது. 1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே, அடிப்புறம் குழிவான ஈயக் குண்டை அமைத்தார். வெடிமருந்தின் அழுத்தத்தால் அடிப்புறம் விரிந்து காடிகளைப் பற்றிக்கொள்ளும். இம்முறையைத் தழுவியதே ஆங்கிலேயரின் 1853-ஆம் ஆண்டு என்பீல்டு துப்பாக்கி. 1857-இல் இந்தியச் சிப்பாய்களின் சினத்தைக் கிளறிய கொழுப்புத் தடவிய தோட்டா இத்துப்பாக்கிக்கு உரியதே. அதன் குழலில் 78 அங்குலத்துக்கு ஒரு முழு முறுக்கு.

நீண்ட குண்டுக்கு ஓர் இடர் உண்டு. எதிர்க்காற்றின் அழுத்தம் அதன் எடைமையத்துக்கு முன்னால் தாக்குவதால், அது தலைகீழாகப் புரளவே முயலும். சுழற்சி மட்டுமே அதனை நிமிர்த்தி நிறுத்துகிறது. குட்டையான பம்பரம் மெல்லச் சுழன்றாலும் நிற்கும்; நெடிய பம்பரத்துக்கு வேகம் மிகுதியாக வேண்டும். அவ்வாறே குண்டு நீள நீள முறுக்கும் நெருக்கமாதல் வேண்டும். முறுக்குப் போதாவிடின் குண்டு தள்ளாடிச் சென்று இலக்கில் பக்கவாட்டாகவே பாயும்.

எவ்வளவு நீளத்துக்கு எவ்வளவு முறுக்கு? இவ்வினாவுக்கு விடை காண முற்பட்டவர் மாஞ்செஸ்டர் நகரப் பொறியியல் அறிஞர் ஜோசப் விட்வொர்த். திருகாணிகளின் புரி அளவை 1841-இல் ஒழுங்குபடுத்தியவர் இவரே. 1854-இல் பிரிட்டிஷ் அரசின் வேண்டுகோளை ஏற்று, தம் இல்லத்தருகே 500 கஜ நீளமுள்ள மூடிய கூடமொன்றைக் கட்டினார். காற்று வீசாத அக்கூடத்தில் இடையிடையே மெல்லிய தாள்களைத் தொங்கவிட்டுச் சுட்டார். தாள்தோறும் விழுந்த துளைகள் குண்டு சென்ற பாதையையும், நேராகச் சென்றதா சாய்ந்து சென்றதா என்பதையும் காட்டின. முறுக்கு, குழலின் விட்டம், குண்டின் நீளம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து, 0.45 அங்குல அறுகோணத் துளையும் 20 அங்குலத்துக்கு ஒரு முறுக்கும் நன்று என்ற முடிவுக்கு வந்தார். குண்டின் எடை என்பீல்டு குண்டின் எடையே; ஆனால் விட்டம் சிறுத்து, நீளம் விட்டத்தைப்போல் மும்மடங்காயிற்று.

1857-இல் ஹைத் என்னுமிடத்தில் இரு துப்பாக்கிகளும் சோதிக்கப்பட்டன. 500 கஜத் தொலைவில் என்பீல்டு குண்டுகளின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த் குண்டுகளின் விலகல் 0.37 அடி. ஆறில் ஒரு பங்கே! 1860-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் போட்டிகளைத் தொடங்கி வைத்தபோது, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கி 400 கஜத்துக்கு அப்பால் நடுப்புள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலத் தொலைவில் சுட்டது. எனினும் துளை சிறிது, கரி படிந்து அடைபடும், செலவு மிகுதி என்று கூறி இராணுவத்தார் அதனை ஏற்றிலர். காலம் அவர் கருத்தையே ஏற்றது. 1871-இல் பிரிட்டிஷ் படை கைக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் துளை 0.45 அங்குலம், முறுக்கு 22 அங்குலத்துக்கு ஒன்று.

சோதனை கண்டதைக் கணக்கும் கண்டது. உல்விச் இராணுவக் கழகத்துக் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் எளிய வாய்பாடு ஒன்றை வகுத்தார். குண்டின் நீளம் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்று காண்க. அவ்வெண்ணால் 150-ஐ வகுக்க. வருவது ஒரு முழு முறுக்குக்குரிய நீளம், விட்ட அளவுகளில். மும்மடங்கு நீண்ட விட்வொர்த் குண்டுக்கு 50 விட்டம் வரும், 0.45 அங்குலக் குழலில் இருபத்திரண்டரை அங்குலம். விட்வொர்த் சுட்டுச் சுட்டுக் கண்ட 20 அங்குலத்துக்கு இஃது அண்மையது. வேகம் மிகுந்த பிற்காலக் குண்டுகளுக்கு 150-க்குப் பதில் 180 கொள்வர். குண்டின் நீளமே முறுக்கை முடிவு செய்கிறது, எடையன்று என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

மனிதக் கையை விலக்குதல்

குறி தப்பினால் குற்றம் குழலினதா, குண்டினதா, சுட்டவனதா? இதனைப் பிரித்தறிய வேண்டுமாயின் முதலில் மனிதக் கையின் நடுக்கத்தை விலக்குதல் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் பிராங்க்ளின் மான், அசையாத காங்கிரீட் தூணின்மேல் குழலைக் கிடத்திப் பல ஆண்டுகள் சுட்டு, தம் முடிவுகளை 1909-இல் நூலாக வெளியிட்டார். குண்டின் முனையைச் சிதைத்துச் சுட்டபோது குறி பெரிதும் கெடவில்லை. அடிப்பகுதியைச் சற்றே சிதைத்தபோது மிகவும் கெட்டது. குழலை விட்டு இறுதியாக நீங்குவது அடிப்பகுதி. அது கோணலாயின் பின்னால் சீறும் புகை ஒருபுறமாகத் தள்ளிவிடும். எடை சமனில்லாத குண்டு, குழல்வாயை விட்டதும் பக்கவாட்டில் விலகி ஓடுவதையும் அவர் கண்டார். முறுக்கு நெருங்க நெருங்க அவ்விலகல் கூடும். ஆகவே முறுக்குக் குறைந்தாலும் கேடு. குறையுள்ள குண்டுக்கு அது மிகுந்தாலும் கேடு.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவில் பரவிய மேசைத்தாங்கிப் போட்டிகள் இவ்வழியில் வந்தவையே. துப்பாக்கியின் முன்பகுதியும் பின்பகுதியும் மணற்பைகளில் கிடக்கும். குழல் எதனையும் தொடாது. தோளின் அழுத்தமும் விரலின் இழுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாதல் வேண்டும். காற்றின் போக்கை வழியில் நட்ட சிறு கொடிகள் அறிவிக்கும். தொடர்ந்து சுட்ட துளைகளில் மிகவும் விலகி நிற்கும் இரண்டின் மையங்களுக்கிடையே உள்ள தூரமே மதிப்பெண். இப்போட்டியாளர் பலர் 14 அங்குலத்துக்கு ஒரு முறுக்கும், அதற்கேற்ற குட்டையான குண்டும் கொள்வது கருதத்தக்கது. தேவைக்கு மேல் முறுக்கை அவர்கள் விரும்புவதில்லை.

ஆனால் போட்டிக்களத்தின் அமைதி போர்க்களத்தில் இல்லை. எம்-16 துப்பாக்கியும் தொடக்கத்தில் 14 அங்குலத்துக்கு ஒரு முறுக்கோடுதான் அமைந்தது. வடதுருவப் பகுதியின் கடுங்குளிரில் சோதித்தபோது குண்டுகள் தள்ளாடின. குளிர்க்காற்று அடர்த்தி மிக்கது. குண்டைப் புரட்டும் ஆற்றலும் அதற்கு மிகுதி. ஆகவே 1963-இல் முறுக்கு 12 அங்குலத்துக்கு ஒன்றாக மாற்றப்பட்டது. விநாடிக்கு 3,200 அடி செல்லும் குண்டு, 14 அங்குல முறுக்கில் விநாடிக்குச் சுமார் 2,740 முறையும், 12 அங்குல முறுக்கில் 3,200 முறையும் சுழலும். அச்சிறு வேறுபாடு வீரன் ஒருவனின் உயிரைக் காக்கவோ போக்கவோ போதுமானது. 1980-களில் நீண்ட ஒளிக்குண்டு வந்தபோது, அதே துப்பாக்கியின் புதிய வகையில் முறுக்கு 7 அங்குலத்துக்கு ஒன்றாயிற்று.

ராபின்ஸ் காரணம் கண்டார், விட்வொர்த் அளந்தார், கிரீன்ஹில் கணித்தார், மான் குற்றங்களைப் பிரித்துக் காட்டினார். நால்வர்க்கும் பொதுவாயிருந்தது ஒன்று: பெரியோர் கூறினர் என்றோ வழக்கம் இது என்றோ அமையாமல், ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அவ்வாறே நிறுத்தி உண்மையைத் தேடியமை. மாணவர்க்கு அறிவியல் முறையைக் கற்பிக்க விழையும் ஆசிரியர்க்கு, ஆய்லரின் சொல்லுக்கும் வளைந்த குழலின் சான்றுக்கும் நேர்ந்த வழக்கைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.