ரானிடிடின்: தடை செய்யப்படவில்லை, பட்டியலில் இல்லை

இரைப்பை அமிலச் சுரப்பைக் குறைக்கும் ரானிடிடின், ரான்டாக், அசிலாக் முதலிய பெயர்களில் இந்திய இல்லங்களுக்கு நெடுநாள் அறிமுகமான மருந்தாகும். மத்திய சுகாதார அமைச்சகம் 2022 செப்டம்பர் 13-ஆம் தேதி வெளியிட்ட தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 26 மருந்துகளுள் இதுவும் ஒன்று. இந்நீக்கம் விற்பனைத் தடை ஆகாது. இவ்வேறுபாடு பலராலும் கவனிக்கப்படவில்லை.

இரைப்பைச் சுவரின் செல்களை ஹிஸ்டமின் தூண்டுவதைத் தடுத்து இது அமிலத்தைக் குறைக்கிறது. ஐயத்திற்குரியது அச்செயல் அன்று. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் என்டிஎம்ஏ என்னும் மாசு இம்மருந்தில் இருப்பது 2019-இல் தெரியவந்தது. நாள்பட்ட சேமிப்பிலும் மிகுந்த வெப்பத்திலும் அதன் அளவு கூடுவதாகக் கண்ட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி ரானிடிடினைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுமாறு கோரியது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும் ஊர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

அந்நிர்வாகம் சோதித்த ஃபாமோடிடின், ஒமிப்ரசோல் மாதிரிகளில் அம்மாசு காணப்படவில்லை. ஆயினும் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மருந்துகளை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் வைட்டமின் பி12, மக்னீசியம் குறையக்கூடும். விழுங்குவதில் சிரமம், கருநிற மலம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை தோன்றினால், மாத்திரையை மாற்றிப் பார்ப்பதில் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.