காசத்தின் கதை – 7: கூட இருந்தவருக்கு ஏன் வரவில்லை?

சென்னை சேத்துப்பட்டு, 1920 ஏப்ரல் 26. கும்பகோணத்துப் பிள்ளை, கணித மேதை ராமானுஜன் 32 வயதில் கண்ணை மூடினார். காசநோய் என்றார்கள் மருத்துவர்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவருக்கு வெந்நீரில் துணி நனைத்து மாரிலும் காலிலும் ஒத்தடம் கொடுத்தவர் மனைவி ஜானகி. மூச்சுக்காற்று படும் தூரத்திலேயே இருந்த அவர் 1994 வரை வாழ்ந்தார்! (அதே ஆண்டு, பழைய நோய்க் குறிப்புகளைப் புரட்டிய டி.ஏ.பி. யங், அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். எனக்கும் அந்த வாதமே பலமாகப் படுகிறது.)

ஆனால், சந்தேகமின்றிக் காசம் கண்ட வீடுகள் காவிரிக் கரையில் எத்தனையோ! ஒரே பானைச் சோறு தின்ற அண்ணன் தம்பிகளில் ஒருவர் ரத்தம் கக்கிப் படுத்தார். மற்றவர் நாற்றங்காலுக்குப் போய்வந்தார். தலையெழுத்து என்றது ஊர்.

1956-ல் அதே சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய ஆய்வில், ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 5 ஆண்டுகள் கவனித்தும், நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்கு, சானடோரியம் போனவர்களின் வீட்டாரைவிட நோய் கூடுதலாக வரவில்லை. சிகிச்சைக்கு முன்பே பலருக்கும் கிருமி தொற்றியிருந்தது. தொற்றியவர்களிலும் பத்தில் ஒருவருக்குத்தான், அதிகம் போனால், வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. யார் அந்த ஒருவர்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழு ரத்தத்தில் தேடியது. நுரையீரலில் கிருமியை விழுங்கும் செல்கள், அதன் துணுக்கை எச்.எல்.ஏ. என்ற புரதத்தில் ஏந்தி, நோய் எதிர்ப்புப் படையான டி செல்களுக்குக் காட்டும். அடையாளம் கண்ட டி செல், இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரந்து விழுங்கிய செல்லை உசுப்பிவிடும்; உள்ளே கிருமி சாகும். தாய் தகப்பன் வழி வரும் எச்.எல்.ஏ. புரதம் ஆளுக்கு ஆள் மாறும். 1991-ல் வெளியான ஆய்வில், எச்.எல்.ஏ. டி.ஆர்.2 வகை காசநோயாளிகளிடம் கூடுதலாகத் தென்பட்டது.

குற்றவாளி அகப்பட்டானா? இல்லை. டி.ஆர்.2 இருந்தும் நோய் அண்டாதவர்கள் ஏராளம். கூட்டாளிகள் இருந்தாக வேண்டும். சேத்துப்பட்டு மையத்தில் செல்வராஜ் குழு ஆராய்ந்த இன்னொரு மரபணு, வைட்டமின் டி-யைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிக்கு உரியது.

உச்சி வெயிலில் குனிந்து நாற்று நடும் தஞ்சாவூர்ப் பெண்ணுக்கு வைட்டமின் டி-க்கா பஞ்சம்? அவள் நுரையீரலில் அந்த ஏற்பிக்கு என்ன வேலை?

(தொடரும்)