சூலக்கரை டிபன் பாக்ஸும் பிடி அரிசியும்

1/ அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் சனிக்கிழமை சம்பளம். அதனால திங்கட்கிழமை என் டிபன் பாக்ஸில் முட்டை இருக்கும். வியாழன் வந்தா பழைய சோறு. நண்பர்கள் முன்னால திறக்கக் கூசி, சத்துணவு வரிசைக்கு ஓடிருவேன். அங்க எல்லார் தட்டும் ஒண்ணு.

2/ அந்தத் தட்டோட கதை பக்கத்து விருதுநகர்ல தொடங்குது. வீடுதோறும் எடுத்து வெச்ச பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி, சத்திரிய வித்யாசாலா. அங்கே படிச்ச காமராஜர், முதல்வரா இருந்தப்போ 1956இல் பள்ளிகளில் மதிய உணவு கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022இல் காலை உணவும் வந்தது.

3/ ஓ.பி.யில் ரத்தசோகையோட வர்ற பிள்ளைகிட்ட "காலைல என்ன சாப்பிட்ட?"ன்னா, அம்மா முகத்தைப் பார்த்துட்டு "இட்லி"ங்கும். அந்தப் பொய் எனக்குப் புரியும். நானும் சொன்னதுதான்.