மயக்க மருந்தும் கழுவாத கையும்

விக்டோரியா அரசியார் 1837 ஜூன் 20ஆம் நாள் இங்கிலாந்தின் அரியணையில் ஏறினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நாடெங்கும் புகைவண்டிப் பாதைகள் விரிந்துகொண்டிருந்த காலம் அது. மறு ஆண்டிலேயே நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூயார்க் துறைமுகத்தை அடைந்தன. இத்துணை விரைவாக முன்னேறிய நாட்டில், முழங்காலில் சீழ் வைத்த ஓர் ஏழைத் தொழிலாளி மருத்துவரை நாடிச் சென்றால் அவனுக்குக் கிடைத்தது என்ன? அவனுடைய பாட்டனுக்குக் கிடைத்ததே பெரும்பாலும் அவனுக்கும் கிடைத்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்நிலை மாறியது. அம்மாற்றத்தின் ஒரு பாதி சில வாரங்களில் வந்து சேர்ந்தது. மறு பாதியோ ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தாமதித்தது. ஏன் இவ்வாறு நிகழ்ந்தது என்பதையே நாம் இங்குச் சிந்திக்க விழைகின்றோம்.

அக்கால மருத்துவரின் கைவசம் இருந்த முறைகள் சிலவே. இரத்தம் வடித்தல், பேதிக்குக் கொடுத்தல், வாந்தி எடுக்கச் செய்தல், தோலில் கொப்புளம் எழுப்புதல் ஆகியவை அவற்றுள் தலையாயவை. உடலின் நால்வகை நீர்கள் சமநிலை குலைவதே நோய் என்னும் கிரேக்கக் கொள்கை இவற்றுக்கு அடிப்படை. யூனானி மருத்துவத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு ‘அக்லாத்’ என்னும் சொல் புதிதன்று. அதே மரபுதான் அரபு மருத்துவ நூல்களின் இலத்தீன் மொழிபெயர்ப்புகள் வழியாக ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் நெடுங்காலம் ஆட்சி செலுத்திற்று. விக்டோரியா காலத் தொடக்கத்தில் அக்கொள்கை பெரிதும் மங்கிவிட்டது. வழக்கம் மட்டும் மங்கவில்லை. 1833ஆம் ஆண்டில் பிரான்சு நாடு மட்டுமே நான்கு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை அயல்நாடுகளிலிருந்து தருவித்தது என்றால், இரத்தம் வடித்தலில் மக்களுக்கு இருந்த நம்பிக்கையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இலண்டனில் 1823இல் தோன்றி இன்றளவும் வெளிவரும் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழின் பெயரே நரம்பைக் கீறி இரத்தம் எடுக்கும் சிறு கத்தியின் பெயர்தான். பாரிசு மருத்துவர் பியேர் லூயி நோயாளிகளைக் கணக்கெடுத்து, இரத்தம் வடித்தலால் விளையும் பயன் எல்லாரும் எண்ணுவதைவிட மிகக் குறைவே என்று 1835இல் நூல் எழுதி வெளியிட்டார். எண்கள் சொன்னதைக் கைகள் உடனே கேட்டுவிடவில்லை.

மருந்துகளின் கதையும் இத்தகையதே. ‘காலோமெல்’ என்னும் பாதரச உப்பைப் பெரியவர்க்கும் குழந்தைகட்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். வாயில் எச்சில் பெருகி ஈறுகள் வீங்கினால், மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார்கள்; அது பாதரச நஞ்சின் அறிகுறி என்பதை இன்று நாம் அறிவோம். அபினைச் சாராயத்தில் கரைத்த ‘லாடனம்’ மளிகைக் கடையிலும் கிடைத்தது. ஆலைத் தொழிலுக்குச் செல்லும் தாய்மாரின் கைக்குழந்தைகள் அழாதிருக்க, அபின் கலந்த பாகு ஊட்டப்பட்டது. அவற்றுள் சில குழந்தைகள் மீண்டும் விழிக்கவேயில்லை. 1868இல்தான் சட்டம் இவ்விற்பனைக்கு ஓரளவு கடிவாளமிட்டது.

இனி அறுவை மருத்துவத்திற்கு வருவோம். செல்வந்தர்கள் மருத்துவமனைக்குச் செல்வதில்லை. அவர்களுக்கு அறுவை நடந்தது அவரவர் வீட்டில்தான். மருத்துவமனை ஏழைகளுக்குரியது. அங்கும் இடம் பெறுவதற்குப் பல நேரங்களில் நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருந்தது. கை கால்களைத் துண்டித்தல், சிறுநீர்ப்பையில் உண்டான கல்லை எடுத்தல், கட்டிகளை அகற்றுதல் போன்றவையே பெரும்பாலும் செய்யப்பட்டன. வயிற்றையோ மார்பையோ திறப்பது மரணத்தை வலிந்து அழைப்பதாகவே கருதப்பட்டது.

இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையின் பெண்களுக்கான அறுவைக் கூடம் ஒன்று, பக்கத்திலிருந்த தேவாலயத்தின் மேல்மாடத்தில் 1822இல் அமைக்கப்பட்டது. 1862இல் மருத்துவமனை இடம் பெயர்ந்தபின் மறக்கப்பட்டு, 1956இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. நடுவே ஒரு மர மேசை. அதன் கீழே சொட்டும் இரத்தத்தைத் தாங்க மரத்தூள் பெட்டி. சுற்றிலும் அரைவட்டப் படிகள். அவற்றில் மாணவர்கள் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். மேசையில் கிடத்தப்பட்ட பெண்ணின் கண்களைத் துணியால் கட்டிவிடுவதுண்டு. அவளுடைய காதுகளைக் கட்ட வழியில்லை.

மயக்க மருந்தில்லாத அறுவை எத்தகையது என்பதை அனுபவித்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எடின்பரோ நகரின் வேதியியல் அறிஞர் ஜார்ஜ் வில்சனுக்கு 1843இல் கணுக்கால் நோயினால் பாதத்தை அகற்ற நேர்ந்தது. அறுத்தவர் பேராசிரியர் ஜேம்ஸ் சைம். அறுவைக்கு உடன்பட்ட வில்சன் ஒரு வாரத் தவணை மட்டும் கேட்டார். நோய் குணமாகிவிடும் என்ற நம்பிக்கையில் அன்று. இறந்துவிடக்கூடும் என்பதால் மறுமைக்கு ஆயத்தம் செய்துகொள்ளவே அந்த அவகாசம். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய கடிதத்தில், கருவிகளைப் பரப்பியது, காலை இறுக்கிக் கட்டியது, முதற் கீறல், அறுபட்ட எலும்பைத் தடவிய விரல், இரத்த நாளங்களைக் கட்டிய நூல், தரையில் கிடந்த தம் பாதம் என யாவற்றையும் ஒன்று விடாமல் நினைவுகூர்கிறார். வலியைக் காட்டிலும் கொடியதாக அவர் குறிப்பது மனத்தைச் சூழ்ந்த இருளை. இறைவனும் மனிதரும் தம்மைக் கைவிட்டனர் என்று தோன்றிய அந்த உணர்வை. அறுவையின்போது நோயாளி வலியை உணர்ந்தால்தான் நல்லது என்று வாதிட்ட சிலருக்கு மறுமொழியாகவே அவர் இக்கடிதத்தை எழுதினார். இதைவிடத் தெளிவான மறுமொழியை நாம் கண்டதில்லை.

இத்தகைய நிலையில் அறுவை மருத்துவரின் பெருஞ்சிறப்பு வேகம்தான். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் இராபர்ட் லிஸ்டன் அக்கலையில் இணையற்றவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், உருக்குப் போன்ற கைகள். தொடையை இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் அறுத்து முடிப்பார். அவரது ஒரே அறுவையில் நோயாளி, உதவியாளர், பார்வையாளர் ஆகிய மூவரும் இறந்தனர் என்றொரு கதை நூல்தோறும் சொல்லப்படுகிறது. அக்காலப் பதிவு எதிலும் அதற்குச் சான்றில்லை, நம்பத் தேவையில்லை. அவருடைய கணக்கு உண்மையில் பிறரைவிட மேலானது. 1835 முதல் 1840 வரை அவர் செய்த 66 துண்டிப்புகளில் இறந்தோர் 10 பேர்.

வலியை வெல்ல வேறு வழிகளும் தேடப்பட்டன. அதே கல்லூரியின் ஜான் எலியட்சன் கைகளை அசைத்து உறங்கச் செய்யும் ‘மெஸ்மரிச’ முறையில் மூழ்கிப்போய், எதிர்ப்பு வலுத்ததால் 1838இல் பதவியைத் துறந்தார். வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், 1845 முதல் அதே முறையில் இந்திய நோயாளிகளை உறங்க வைத்துப் பெரும் கட்டிகளை அகற்றினார். அவருடைய வெற்றிச் செய்திகள் இலண்டன் வரை பேசப்பட்டன.

ஆயினும் விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1846 அக்டோபர் 16ஆம் நாள், பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியை முகரச் செய்ய, நோயாளி ஒருவரின் கழுத்துக் கட்டி பலர் முன்னிலையில் அறுக்கப்பட்டது. இச்செய்தியைத் தாங்கிய கடிதமொன்று கப்பலேறி, டிசம்பர் நடுவில் இலண்டனிலிருந்த டாக்டர் பிரான்சிஸ் பூட்டின் கைக்குக் கிடைத்தது. டிசம்பர் 19இல் அவருடைய இல்லத்திலேயே ஈதர் கொடுத்து ஒரு பெண்ணின் பல் பிடுங்கப்பட்டது. டிசம்பர் 21இல் லிஸ்டன் களத்தில் இறங்கினார். நோயாளி பிரடெரிக் சர்ச்சில் என்னும் 36 வயது வீட்டுப் பணியாளர். வில்லியம் ஸ்குவயர் என்ற மாணவர் ஈதரை முகரச் செய்தார். அரை நிமிடத்திற்குள் தொடை துண்டிக்கப்பட்டது. சில நிமிடங்களில் கண் விழித்த சர்ச்சில், எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டாராம். மெஸ்மரிசத்தை இந்த அமெரிக்கத் தந்திரம் அடியோடு வென்றுவிட்டது என்று லிஸ்டன் அவையோரைப் பார்த்து முழங்கினார். பாஸ்டனுக்கும் அம்மேசைக்கும் இடையே கழிந்தவை 66 நாட்களே. 1847 மார்ச்சில் கல்கத்தாவிலும் ஈதர் கொடுத்து அறுவை நடந்தது. கடல் கடந்த தந்தியில்லாத காலத்தில் இது எத்தகைய வேகம் என்று எண்ணிப் பாருங்கள்!

1847 நவம்பர் 4ஆம் நாள் இரவு, எடின்பரோவின் ஜேம்ஸ் யங் சிம்சன் தம் நண்பர் இருவருடன் வீட்டு மேசையருகே அமர்ந்து குளோரோபாரத்தை முகர்ந்து பார்த்தார். மூவரும் மேசைக்கடியில் உணர்விழந்து சாய்ந்தார்கள். எழுந்தபோது ஈதரினும் வலிய மருந்து கிடைத்துவிட்டது என்று தெளிந்தார்கள். அதற்கும் ஒரு விலை இருந்தது. 1848 ஜனவரி 28இல் நியூகாசில் அருகே, கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி உயிர் நீத்தாள். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் ஆவியை அளந்து கொடுக்கும் முறைகளை வகுத்து அபாயத்தைக் குறைத்தார். 1853 ஏப்ரல் 7இல் இளவரசர் லியோபோல்டு பிறந்தபோது அரசியாருக்கே அதைக் கொடுத்தவர் அவர்தான். மறு ஆண்டில் இலண்டன் பிராடு தெருவின் குடிநீர்க் குழாய்தான் காலராவைப் பரப்பியது என்று நிறுவியவரும் அவரே.

வலி ஒழிந்தது. மரணம் ஒழிந்ததா?

இல்லை. அறுவை மருத்துவர் இப்போது அவசரமின்றி அறுத்தார். முன்னர் அஞ்சிய அறுவைகளையும் துணிந்து செய்தார். புண் திறந்திருந்த நேரம் நீண்டது. நான்காம் ஐந்தாம் நாளில் குளிர்க்காய்ச்சல் கண்டு, புண் அழுகி, இரத்தம் நஞ்சாகி நோயாளிகள் மடிந்தார்கள். சிம்சன் 1869இல் வெளியிட்ட கணக்கு நெஞ்சை உலுக்குவது. பெரிய மருத்துவமனைகளில் உறுப்பு துண்டிக்கப்பட்ட 2,089 பேரில் 855 பேர் இறந்தார்கள். நாட்டுப்புறத்தில், பெரும்பாலும் அவரவர் குடிசையிலேயே துண்டிக்கப்பட்ட 2,098 பேரில் இறந்தவர் 226 பேர். அதாவது, மருத்துவமனைக்குப் போகாதவனைவிடப் போனவன் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு!

கெட்ட காற்றே காரணம் என்றார்கள் மருத்துவர்கள். காற்றோட்டமுள்ள கூடங்கள் கட்டச் சொன்னார்கள். புண்ணில் கெட்டியான சீழ் தோன்றினால் நற்குறி என்று மகிழ்ந்தார்கள். காய்ந்த இரத்தத்தால் விறைத்துப்போன பழைய கறுப்பு அங்கியையே அறுவைதோறும் அணிந்தார்கள். அதன் கறை அவர்களுடைய அனுபவத்திற்கு அத்தாட்சி. ஒருவனை அறுத்த கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்தவனை அறுத்தார்கள்.

விடை அப்போதே வியன்னாவில் கிடைத்துவிட்டது என்பதுதான் துயரம். குளோரோபாரம் வந்த அதே 1847இல், அந்நகரின் பொது மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் ஒன்றைக் கவனித்தார். பிணங்களை அறுத்துவிட்டு வரும் மாணவர்கள் பார்க்கும் பேறுகால விடுதியில் தாய்மார் கூட்டங்கூட்டமாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்க்கும் அடுத்த விடுதியில் அவ்வளவு சாவில்லை. பிண அறுவையில் கத்தி பட்டு இறந்த நண்பர் ஒருவரின் உடலிலும் அதே நோயின் அடையாளங்கள் இருந்தன. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டே தாய்மாரைத் தொடவேண்டும் என்று மே மாதத்தில் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாகக் குறைந்தது.

ஈதரை 66 நாட்களில் ஏற்றுக்கொண்ட மருத்துவ உலகம் இதை ஏற்கவில்லை. செம்மல்வைஸ் பேரிலும் குறையுண்டு; தம் நூலை 1861 வரை அவர் வெளியிடவில்லை, வெளியிட்டபோது மாற்றுக் கருத்தினரைக் கொலைகாரர் என்று வசைபாடினார். எனினும் முதற்காரணம் அதுவன்று என்பது நம் கருத்து. ஈதரை ஏற்றுக்கொள்ள மருத்துவர் புதிய மருந்தொன்றைக் கற்றுக்கொண்டால் போதும். கை கழுவுதலை ஏற்றுக்கொள்ளவோ, இதுகாறும் இறந்த தாய்மாருக்குத் தம் கையே எமனாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பண்பும் படிப்பும் மிக்க எத்தனையோ பேரால் அது இயலவில்லை.

ஜோசப் லிஸ்டர் (முன் சொன்ன லிஸ்டன் வேறு, இவர் வேறு, ஜார்ஜ் வில்சனின் பாதத்தை அறுத்த சைமின் மருமகன்) கிளாஸ்கோ மருத்துவமனையில் பணியாற்றி வந்தார். பிரெஞ்சு அறிஞர் பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்து, அழுகலுக்குக் காரணம் நுண்ணுயிர்களே என்று தெளிந்தார். 1865 ஆகஸ்டு 12இல், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து தோல் கிழிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸ் அவரிடம் கொண்டுவரப்பட்டான். வழக்கப்படி அக்காலைத் துண்டித்திருக்கவேண்டும். லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் புண்ணை மூடினார். ஆறு வாரங்களில் எலும்பு கூடி, சிறுவன் இரு கால்களுடன் வீடு திரும்பினான். அச்சிறுவன் சேர்க்கப்பட்ட மறுநாள், ஆகஸ்டு 13இல், வியன்னாவின் மனநோய் விடுதியொன்றில் செம்மல்வைஸ் இறந்தார். காயமொன்று அழுகி இரத்தம் நஞ்சானதே சாவுக்குக் காரணம்.

லிஸ்டர் தம் முறையை 1867இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். ஜெர்மனியில் பலர் அதனைப் பின்பற்றினர்; இலண்டன் மட்டும் நகைத்தது. 1877இல் அவர் அந்நகரின் கிங்ஸ் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தபோதும் அவரது விரிவுரைகளுக்கு மாணவர் மிகுதியாக வரவில்லை. அறுவை முடிந்தபின் கழுவி வந்த கைகளை அறுவைக்கு முன் கழுவும் பழக்கம், அவருடைய மாணவர்கள் ஒவ்வொரு மருத்துவமனையாகச் சென்று பொறுப்பேற்றபோதுதான், மெல்ல மெல்லப் பரவியது.